கதவைச் சாத்தச் சொன்னவள்

யுத்தத்தின் பேரைச் சொல்லி மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன வருஷம் அது. மாசி மாதம். கோலியனூர்ச் சேரியில் பெண்கள் எல்லோருக்கும் கட்டைவிரல் வீங்கியிருந்தது. விழுப்புரத்து மண்டிக்காரர் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை மூட்டை மூட்டையாக வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். ஓடு வேறு, பருப்பு வேறாக உடைத்துக் கொடுக்க வேண்டும். சின்னக் கட்டையால் ஒரு தட்டு, விரலால் ஒரு நசுக்கு. பொழுது சாய்வதற்குள் விரல் நுனி வெடித்துவிடும். வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாள் காலையில் மறுபடி உட்காருவார்கள். பருப்பைத் தின்றுவிடுகிறார்களா என்று பார்க்க மண்டியிலிருந்து வருகிற கணக்குப்பிள்ளை வாயை ஊதச் சொல்வார். ஊதியும் காட்டுவார்கள். அவர் தலை மறைந்ததும் ஆளுக்கு ஒரு பிடி வாயில் போகும்.

வடக்குத் தெருக் கடைசியில் சவுரியம்மாள் வீட்டு முருங்கை மரத்தடியில்தான் இந்த வேலை நடந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அம்சா மட்டும் வட்டத்தில் சேராமல் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதையைப் பார்த்த மாதிரி உட்காருவாள். மாசி வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பாள்.

சவுரியம்மாளின் தம்பி தேவசகாயத்தின் பெண்சாதி அவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினவள். அன்றைக்குச் சாமியார் வைத்த பேர் கோயில் வாசலைத் தாண்டி வரவில்லை, எல்லோருக்கும் அவள் அம்சாதான். திண்டிவனத்துக்குக் கிழக்கே பிரம்மதேசத்தில் இருந்தவர்கள் தை பிறந்ததும் துணி மூட்டையும் நாலு வயசுப் பெண் கிளியுமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். கழுத்தில் என்ன என்று கேட்டவர்களுக்குச் சவுரியம்மாளே பதில் வைத்திருந்தாள்.

"வரப்பு வழுக்கி வுழுந்துட்டா. கையில இருந்த அருவா கீசிடிச்சி."

நடந்தது வேறு. கார்த்திகையில் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் நிலத்துக்காரரின் தம்பி சீனுவாசன் அவளைச் சவுக்குத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனான். கத்தினபோது கழுத்தில் கத்தியை இழுத்தான். மாடு ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடிவந்ததால் உயிர் தங்கிற்று. இதெல்லாம் ஊருக்குள்ளேயே அமுக்கிவிடுகிற காரியம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா, கத்திக் காயம் என்று போலீசுக்கு எழுதிவிட்டார். பிழைக்க மாட்டோம் என்று நினைத்த அம்சா கட்டிலில் படுத்தபடியே ஏட்டையாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். புருஷனிடம் அவள் சொன்னது பாதிதான்.

சீனுவாசனை அழைத்துப் போனார்கள். பொங்கலுக்கு முன்னால் ஜாமீனில் வந்துவிட்டான். அதற்குப் பிறகு பிரம்மதேசத்தில் இருக்க முடியவில்லை. "எங்க போனாலும் எடத்தச் சொல்லிட்டுப் போவணும். சம்மன் வரும்" என்று ஏட்டையா சொல்லியிருந்தார். தேவசகாயம் ஸ்டேஷனுக்குப் போய் அக்காள் வீட்டு அடையாளத்தை ஒழுங்காகச் சொல்லி எழுதவைத்துவிட்டு வந்தான்.

அம்சாவுக்குச் சைக்கிள் மணிச் சத்தம் ஆகாது. பாதையில் மணி கேட்டால் மடியில் இருக்கிற முறம் கவிழ எழுந்து, கிளி எங்கே என்று பார்ப்பாள். தபால்காரரோ மண்டி ஆளோ தாண்டிப் போன பிறகுதான் உட்காருவாள்.

"இன்னாடி அம்சா, சைக்கிளக் கண்டா மாடு மாதிரி மெரள்றே" என்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி சிரிப்பாள். அம்சாவும் சிரித்து வைப்பாள்.

கேஸ் தேதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், தேவசகாயம் ஏரிக்குக் கீழே நெல் அறுத்துக்கொண்டிருந்தான். காபிக் கடைப் பக்கம் போய்விட்டு வந்த துரைக்கண்ணு, அறுப்பு ஆட்களுக்குத் தலையாள், அவனை வரப்போரமாகக் கூப்பிட்டார்.

"தேவா, இப்படி வா."

"இன்னா மாமா?"

"கடையாண்ட ஒர்த்தன் ஒக்காந்துக்கினு காயிதம் படிக்கிறான். வெளியூர் ஆளு. ஒம் பொண்டாட்டி பேரச் சொல்லிப் படிக்கிறான்டா."

"இன்னா காயிதம்?"

துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயே போய்ப் பாரு. என்னால சொல்ல முடியாது."

சேரி ஆட்கள் நிற்கிற பக்கத்தில், கீற்றுத் தட்டிக்கு வெளியே தேவசகாயம் போய் நின்றான். உள்ளே பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு ஓர் ஆள். சுற்றிலும் இருபது பேராவது இருப்பார்கள். எதிர்த் தரப்புக்குக் கொடுக்கிற, வாக்குமூலமும் சாட்சி விலாசமும் அடங்கிய நகலை வக்கீல் ஆபீசிலிருந்து வாங்கி வந்திருக்கிறான். அம்சா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதை, நிறுத்தி நிறுத்தி, பாடம் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தான். அவன் படித்ததை இங்கே எழுதப்போவதில்லை. தேவசகாயத்துக்குத் தெரியாத மீதிப் பாதியும் அதில் இருந்தது. அவன் அதை அந்தத் தட்டிக்கு வெளியே நின்று, கையில் அரிவாளோடு, ஊரோடு சேர்ந்து கேட்டான்.

யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்தவனும் பார்த்தான். சிரித்தான்.

"தோ, வூட்டுக்காரரே வந்துட்டாரு. எம் பேரு பெரியதம்பி. ஒங்க வூட்டுக்குத்தான் கெளம்பினேன். வடக்குத் தெரு கடைசி, முருங்க மரம். எல்லாம் இதுல தெளிவா போட்டுக்கீது."

மடித்த காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். தேவசகாயம் குறுக்கே வயலில் இறங்கி ஓடினான். அறுத்த தாள் காலைக் கிழித்தது. மடை தாண்டும்போது ஒரு தடவை விழுந்து எழுந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது முருங்கை மரத்தடியில் கட்டைச் சத்தம் நின்றுபோயிருந்தது. பெரியதம்பி குந்தி உட்கார்ந்து கிளிக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுடைய மணிக்கட்டு அவன் கையில் இருந்தது. அம்சா வாசல்படியில் நின்றாள். ஓடவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

"கிளியா ஒம் பேரு? நல்ல பேரு. இதுலயே கீது பாரு. 'எம் பொண்ணு கிளி வரப்புல தூங்கிக்கினு இருந்தா'ன்னு ஒங்கம்மா சொல்லிக்கீறாங்க."

"கொழந்தய வுடுங்க" என்றாள் சவுரியம்மாள். கையிலிருந்த கட்டையை அவள் கீழே வைக்கவில்லை.

"நான் இன்னா பண்ணிட்டேன்? மிட்டாய்தானே குடுத்தேன்." அவன் பிடியை விட்டான். கிளி ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பெரியதம்பி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"தே பாரும்மா. கோர்ட்டுக்கு வர்றதும் வராததும் ஒன் இஷ்டம். வந்தா இதுல இருக்கிறத வக்கீல் ஒவ்வொண்ணா கேப்பாரு. ஊரே நின்னு வேடிக்க பாக்கும். பிரம்மதேசத்துலேர்ந்து வண்டி கட்டிக்கினு வர்றாங்க. அங்க நின்னு நீ வாயால சொல்லணும். தாங்குவியா? அதுக்குத்தான் சொல்றேன். சீனு ஐயா ஒங்கள ரொம்ப விசாரிச்சாரு. நீங்க எங்க இருந்தாலும் விசாரிச்சிக்கினேதான் இருப்பாரு."

தேவசகாயத்தைத் தாண்டிப் போகும்போது, "வர்றேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபிக் கடையில் படித்தது அதற்குள் தெருவுக்கு வந்திருந்தது. ஒருத்தி கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. பாஞ்சாலியும் போனாள். பாதி உடைத்த மல்லாட்டை அப்படியே கிடந்தது. கோழிகள் வந்து கிளறின.

அன்று அடுப்பில் களி கிண்டியபடி கிடந்தது. யாரும் உருண்டை பிடிக்கவில்லை. பொழுது இறங்குகிற நேரத்தில் தேவசகாயம் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட சொல்லல."

அம்சா கிளியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். "சொல்ல வாயி வரலய்யா."

"ஏட்டு கிட்ட வந்திச்சா?"

"சாவப் போறேன்னு நெனச்சேன். செத்தப்புறம் நீ தெரிஞ்சிக்கினா ஒம் மூஞ்சப் பாக்க வேண்டியதில்ல பாரு. அதான் சொன்னேன். அவரு தலைய ஆட்டிக்கினு எழுதினாரு. கோர்ட்டுக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். அத நகல் எடுத்து அவங்கிட்டயே குடுப்பாங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

"எடத்த நாந்தான் சொன்னேன்" என்றான் அவன். "மரத்தக்கூட அடையாளம் சொன்னேன். இன்னா மரம்னு கேட்டாங்க, முருங்கன்னு சொன்னேன்."

அவன் தோள் குலுங்கிற்று. சவுரியம்மாள் அடுப்படியிலிருந்து, "அழாதடா. கொழந்த பாக்குது" என்றாள். ஆனால் அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போவ வாணாம். கோர்ட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம்" என்றான்.

"போவலன்னா?"

"போவலன்னா நம்பள வுட்டுடுவாங்க."

"வுடுவாங்களா? அவன் கொழந்த கையப் புடிச்சிக்கினு இருந்தத பாத்தே இல்ல?" அம்சாவின் குரல் ஏறவில்லை. "போவலன்னா நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும். கடையில படிச்சது மட்டும் நிக்கும். எனக்கு பயமாத்தான் கீது. ஆனா போவலன்னா இதவிட பயமா கீது."



வாசலில் காலடி கேட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாஞ்சாலி. கையில் மூடின சட்டி.

"கருவாட்டுக் கொழம்பு. கொழந்தைக்குக் குடு." சட்டியை வைத்துவிட்டு நின்றாள். போகவில்லை. "நான் பாட்டுக்கு எழுந்து பூட்டேன். எம்மா பயமா இருந்திச்சி தெரியுமா? அவன் என் வூட்டையும் பாத்து வெச்சிக்குவானோன்னு." பிறகு அம்சாவின் பக்கம் குனிந்து சொன்னாள்: "இங்க படுக்காதீங்க. எங்க வூட்டுக்கு வாங்க. அவன் காயிதத்துல எங்க வூடு இல்ல."

கேஸ் நாள் வரைக்கும் அவர்கள் பாஞ்சாலி வீட்டில்தான் இருந்தார்கள். பகலில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அம்சா உள்ளேயே மல்லாட்டை உடைத்தாள். கிணற்றுக்குத் தனியாகப் போகவில்லை. ஒருநாள் ஏரிக்கரைமேல் ஒரு சைக்கிள் நின்றிருந்தது என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு நாள் முருங்கை மரத்தின் கீழ்க் கிளைகள் ஒடிந்து கிடந்தன. காற்றாகவும் இருக்கலாம். அந்தத் தெருவில் அதைக் காற்று என்று யாரும் சொல்லவில்லை. பிரித்துப் போட்ட பருப்பில் ஓடு கலந்திருக்கிறது என்று கணக்குப்பிள்ளை சத்தம் போட்டார். யார் கவனம் வேலையில் இருந்தது?

அம்சா குழந்தைக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள். "யாரு கிளின்னு கூப்ட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

"நீ கூப்ட்டா?"

"நான் கிட்ட வந்து தொட்டுக் கூப்புடுவேன்."

குழந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு நன்றாகவே கற்றுக்கொண்டது. ஒரு மத்தியானம் படம் எடுத்துக்கொண்டு ஒரு நல்ல பாம்பு வேலியோரம் வந்தபோது, அம்சா உள்ளேயிருந்து "கிளி! கிளி!" என்று அலறினாள். பிள்ளை திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டாஞ்சல்லி அடுக்கிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி ஓடிப்போய் வாரியெடுத்தாள். அன்று முழுக்க அம்சா பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

கேஸுக்கு முந்தின நாள் சவுரியம்மாளிடம் சொன்னாள்: "அண்ணி, நாளைக்கி சாயங்காலம் கொழந்தயக் கூட்டிக்கினு விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வந்துடு. துணி மூட்டையையும் எடுத்துக்கினு வா."

சவுரியம்மாள் எதற்கு என்று கேட்கவில்லை. கேப்பை மாவை ஒரு துணியில் கொட்டி முடிந்தாள். பிறகு அவிழ்த்து இன்னும் இரண்டு கை போட்டு முடிந்தாள்.

மறுநாள் காலை ரயிலில் புருஷனும் பெண்சாதியும் திண்டிவனம் போனார்கள். கச்சேரி வளாகத்தில் புளிய மரங்களுக்குக் கீழே வில்வண்டிகளை அவிழ்த்து நிறுத்தியிருந்தார்கள். பிரம்மதேசத்து ஆட்கள். பெரியதம்பி சொன்னது பொய்யில்லை. அம்சாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் நடுவில் சீனுவாசன் சலவை ஜிப்பாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்க்காததும் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் கட்டிடத்துக்குப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியோரம் போய் நின்றார்கள். சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகர் கை கழுவ அங்கே வந்தார். கிருஷ்ணசாமி என்று பேர், வயசானவர். சாட்சிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்.

தேவசகாயம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். "சாமி, பேரக் கூப்புடறப்ப கொஞ்சம் மெள்ளக் கூப்புடுங்க. நாங்க வாசல்லியே நிக்கிறோம்."

"மெள்ளக் கூப்ட்டா எம் வேல பூடும். மூணு தபா, ரோட்டுக்குக் கேக்கறாப்பல கூப்புடணும்."

"உள்ள எல்லாரும் நின்னு கேப்பாங்களாங்க?" என்றாள் அம்சா.

"கோர்ட்டுன்னா கதவு தொறந்துதாம்மா இருக்கும். யாரு வேணாலும் வரலாம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கழுத்துத் துணியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தொரை நெனச்சா சாத்தச் சொல்லலாம். ஒரு தபா பாத்துக்கீறேன். பெரிய எடத்துப் பொண்ணு கேசு. வக்கீல் வெச்சிக் கேட்டாங்க."

"எங்களுக்கு யாருங்க கேப்பாங்க?"

"சர்க்கார் தரப்பு இன்ஸ்பெக்டர் கேக்கலாம். அவருக்கு இன்னிக்கு மூச்சு வுட நேரமில்ல."

"நானே கேட்டா?"

கிருஷ்ணசாமி யோசித்தார். "ஒங்கள மாதிரி ஜனங்க கேட்டு நான் பாத்ததில்ல. கேக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இல்ல. ஆனா கேக்கறதயும் அத்தன பேர் எதிர்லதாம்மா கேக்கணும்."

வெயில் ஏறியது. வாங்கி வந்த பட்டாணியை இரண்டு பேரும் தின்னவில்லை. அம்சா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பிறகு அவள் பேரை அந்த முதியவர் மூன்று தடவை கூப்பிட்டார், ரோட்டில் போகிறவன் நின்று பார்க்கிற மாதிரி.

உள்ளே சுவரோரம், சன்னலோரம், வாசலடைத்து ஆட்கள். முதல் வரிசையில் பெரியதம்பி. கூண்டில் ஏறி அம்சா முந்தானையைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். சத்தியம் வாங்கினார்கள். பேர் கேட்டார்கள், புருஷன் பேர் கேட்டார்கள். சொன்னாள்.

"இப்போ குடியிருக்கிற ஊர்?" என்றார் குமாஸ்தா.

அம்சா முதல் வரிசையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். சன்னல் பக்கம் யாரோ, "கோலியனூர்னு சொல்லும்மா" என்றான். சிரிப்பு எழுந்தது.

அம்சா மேஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமி, நான் எல்லாத்தையும் சொல்றேன். கேக்கறதுக்கெல்லாம் சொல்றேன். இவங்க வெளிய போவட்டும்."

கூடத்தில் இரைச்சல். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். "இது திறந்த கோர்ட்டு. சாட்சியுடைய சௌகரியத்துக்காக..."

"ஆஸ்பத்திரியில சாவக் கெடந்தப்ப சொன்னேங்க" என்றாள் அவள். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. "அத கொண்டாந்து காபிக் கடையில படிச்சாங்க. தோ, முன்னால நிக்கிறாரே, அவருதான். எம் புருஷன் ரோட்டுல நின்னு கேட்டாரு. நான் இருக்கிற எடத்த எழுதிக் குடுத்துட்டீங்க, கொழந்த பேரயும் எழுதிக் குடுத்துட்டீங்க. வூடு தேடி வந்து எம் பொண்ணு கையப் புடிச்சாரு. அது இப்போ தன் பேரச் சொல்லிக் கூப்ட்டாலும் திரும்பறதில்லீங்க. பயந்துக்கினு நாந்தான் அப்படிப் பழக்கினேன். பாம்பு வந்தப்பகூட திரும்பல." மூச்சு வாங்கினாள். "என்ன வெட்டினது அவரு ஒர்த்தரு. மறுபடி மறுபடி எல்லாரும் பாக்கணுமாங்க?"

மேஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காலையிலிருந்து கேஸ் கேட்டுக் களைத்துப்போன மனுஷர். பெரியதம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து, ஆட்சேபணை இல்லை என்றார்.

"குற்றம் சாட்டப்பட்டவர், அவர் வக்கீல், ஆபீஸ் ஆட்கள். மத்தவங்க எல்லாம் வெளியே. ஊர், பிரம்மதேசம்னே இருக்கட்டும். போதும்." பிறகு, "புருஷன் வேணும்னா இருக்கலாம்" என்றார்.

தேவசகாயம் அவளைப் பார்த்தான்.

"அவரும் வெளிய இருக்கட்டுங்க" என்றாள் அம்சா.

அவன் தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாக வெளியே போனான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். கிருஷ்ணசாமி இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். சன்னல்களையும் உள்ளேயிருந்து யாரோ அடைத்தார்கள். காதைக் கொடுக்கக் கதவோரம் வந்தவர்களை, "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று விரட்டிவிட்டு அவர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

உள்ளே என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்பது வெளியே இருந்த யாருக்கும் தெரியாது. வக்கீலின் குரல் உயர்ந்தது மட்டும் ஓரிரு தடவை கேட்டது. அவள் குரல் கேட்கவே இல்லை. தேவசகாயம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியதம்பி பக்கத்தில் வந்தான்.

"நல்லாத்தான் பேசினா ஒம் பொண்டாட்டி. இனிமே எங்க போவப் போறீங்க?"

தேவசகாயம் சாத்தின கதவைப் பார்த்தபடியே தூணோடு ஒட்டிக்கொண்டான்.

கதவு திறந்தபோது புளிய மர நிழல் நீண்டிருந்தது. அம்சா வெளியே வந்தாள். முகம் கழுவினது போல் வேர்த்திருந்தது. "சொல்லிட்டேன்" என்றாள். அவன், "போலாம்" என்றான்.

தீர்ப்பு பங்குனிக் கடைசியில் வந்தது. இரண்டு வருஷம். கடலூர் அப்பீலில் ஒரு வருஷமாகக் குறைந்தது. அதைக் கேட்க அவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் ரயில் பெட்டியில் உட்கார இடமில்லை. பட்டாளத்துக்காரர்களும் மூட்டைகளுமாக நிறைந்திருந்தது. மயிலத்தில் ஏறின ஒரு பூக்காரம்மா அம்சாவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, "எந்த ஊரும்மா?" என்றாள். யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். தேவசகாயம் கம்பியை இறுக்கினான்.

"பனமலைப் பக்கம்" என்றாள் அம்சா.

"பனமலையா? ஏரி ரொம்பிச்சா இந்த வருசம்?"

"ரொம்பிச்சி. கடவாசல் வழியா தண்ணி வழிஞ்சி போச்சி" என்றாள் அம்சா. அவள் பனமலையைப் பார்த்ததே இல்லை. பேரணி, விக்கிரவாண்டி என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றபோது தேவசகாயம் எட்டிப் பார்த்தான். இரண்டு பெட்டி தள்ளி, கதவில் சாய்ந்துகொண்டு வெள்ளைச் சட்டை. பெரியதம்பி கையை உயர்த்தினான், தெரிந்தவனைப் பார்த்தது போல.

விழுப்புரத்தில் இறங்கினபோது பிளாட்பாரம் முழுக்கப் பட்டாளம். அந்த நெரிசலுக்குள் இவர்கள் குனிந்து நடந்தார்கள். பாலத்துக்கு அடியில் சவுரியம்மாள் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். கிளி அவள் மடியில். அம்சா கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"இன்னா ஆச்சி?" என்றாள் சவுரியம்மாள்.

"சொல்லிட்டேன் அண்ணி. கதவ சாத்தினாங்க."

"சாத்தினாங்களா! மாதாவே." அவள் அம்சாவின் கன்னத்தை வழித்தாள். பிறகுதான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "எங்க போறீங்க?"

தேவசகாயம் தண்டவாளங்களைப் பார்த்தான். விழுப்புரத்திலிருந்து வண்டி ஐந்து பக்கம் போகும். மதராஸ், பாண்டி, காட்பாடி, மாயவரம், திருச்சி. கூலி வேலை எந்தப் பக்கத்திலும் இருக்கும்.

"அவனும் இதே வண்டியில வந்துட்டான்க்கா" என்றான் மெதுவாக. "கோலியனூருக்கு வருவான். ஒன்னத்தான் கேப்பான்."

"கேக்கட்டும். நான் சொல்லுவனா?"

"சொல்ல மாட்டே. ஆனா அவன் கேக்கற வெதம் ஒனக்குத் தெரியும்" என்றாள் அம்சா. "தெரியாம இருந்துட்டா நீ ஒண்ணத்தையும் மறைக்க வேண்டியதில்ல அண்ணி."

"எனக்குக்கூடவா?"

சவுரியம்மாள் தம்பியைப் பார்த்தாள். தாய் செத்த பிறகு தூக்கி வளர்த்த பிள்ளை. எழுந்து நின்றாள். மாவு முடிச்சை அம்சாவின் கையில் கொடுத்தாள். கிளியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

"காயிதம் கீயிதம் போடாதீங்க. நல்லாருந்தா சரி."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வேகமாக நடந்தாள். வாசலைத் தாண்டி, ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்து, ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் ஓர் இஞ்சின் கூவிற்று. கொஞ்சம் பொறுத்து வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று கூவிற்று. வண்டி நகர்கிற சத்தம் தரையில் அதிர்ந்தது. எந்தப் பக்கம் போகிறது என்று காது தானாகக் கணக்குப் பார்த்துவிடுமோ என்று பயந்து, முந்தானையைச் சுருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள்.

யாரோ தோளைத் தட்டினார்கள். பெரியதம்பி மூச்சு இரைக்க நின்றிருந்தான். கூட்டத்தில் தேடித் தேடி வேர்த்திருந்தான். அவள் காதிலிருந்து துணியை எடுத்தாள்.

"எந்த வண்டியில ஏறினாங்க?"

"தெரியாதுங்க."

"ஏய், மரியாதயா கேக்கறேன். தம்பிக்காரன் ஒங்கிட்ட சொல்லாமயா போயிருப்பான்?"

"மெய்யாலும் தெரியாதுங்க" என்றாள் சவுரியம்மாள். சொல்லும்போதே அது நிஜம் என்பது அவளுக்கு உறைத்தது. ஜட்காக்காரர்களும் குதிரைகளும் நின்று பார்க்க, நடுத் தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெரியதம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நம்பிவிட்டுப் போனான்.